மாடு தொலைத்த மேய்ப்பர்... மலையடிவாரத்தில் ஒரு மடாலயம்! ஸ்பெயினின் மேய்ச்சல் பூமியில் ஒரு பயணம்

மேய்ப்பர் ஒருவரின் மாடு தொலைந்து போனது. மூன்று நாள்கள் மலையெல்லாம் தேடி அலைந்தார். கடைசியில் ஓர் ஓடைக்கரையில் மாடு செத்துக் கிடந்தது. உடம்பில் காயம் எதுவும் இல்லை. தோலாவது மிஞ்சட்டும் என்று கத்தியை எடுத்து, மாட்டின் நெஞ்சில் சிலுவை வடிவத்தில் கீறினார். உடனே மாடு எழுந்து நின்றது. அங்கே மரியன்னை காட்சி கொடுத்து, பாதிரியார்களை அழைத்து வந்து அந்த இடத்தைத் தோண்டச் சொன்னார். தோண்டிய இடத்தில் ஒரு சிலை கிடைத்தது.

ஸ்பெயின் நாட்டின் குவாதலூப்பே மடாலயத்தின் தோற்றக் கதை இதுதான். சுமார் 700 ஆண்டுகளுக்கு முன்பு நடந்ததாகச் சொல்லப்படுகிறது. அந்த மேய்ப்பரின் பெயர் கில் கோர்தேரோ. 'கோர்தேரோ' என்றால் ஸ்பானிய மொழியில் செம்மறிக் குட்டி. மன்னர்களும் மாலுமிகளும் தேடி வந்த பெரிய புண்ணியத் தலம் ஒன்று, மாடு தொலைத்த ஒரு மேய்ப்பரிடமிருந்து தொடங்குகிறது.

ஸ்பெயினின் மேற்கு எல்லையில், போர்ச்சுகலை ஒட்டி இருக்கிறது எக்ஸ்த்ரமதுரா மாநிலம். காசரெஸ், படஹோஸ் என்று இரண்டே மாவட்டங்கள். பரப்பளவு சுமார் 41,600 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆனால், மக்கள்தொகை பத்தரை லட்சம்தான். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 25 பேர். தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி இது 555 பேர்.

கடற்கரை கிடையாது. பெரிய தொழிற்சாலைகளும் குறைவு. இங்கே வருபவர்கள் பார்ப்பது மடாலயங்களையும், மலைகளையும், மேய்ச்சல் காடுகளையும், தோட்டங்களையும்தான். இவை எல்லாவற்றுக்கும் பின்னால் விவசாயிகளும் ஆடு, மாடு, பன்றி மேய்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஊரைவிட்டுப் போனால் என்ன ஆகும் என்பதுதான் இன்று அந்த மாநிலத்தைக் கவலைகொள்ள வைத்திருக்கும் கேள்வி.

குவாதலூப்பே: கம்பளியால் வளர்ந்த மடாலயம்

தலைநகர் மாட்ரிட்டிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர். கடைசிப் பகுதி முழுக்க வளைந்து வளைந்து செல்லும் மலைப்பாதை. ஆலிவ், செஸ்ட்நட், ஓக் மரங்களைக் கடந்து ஒரு திருப்பத்தில் பார்த்தால், சின்ன ஊருக்கு நடுவே கோட்டையைப் போல நிற்கிறது மடாலயம். ஊரின் மக்கள்தொகை 2,000-க்குள்தான். மடாலயம் மட்டும் ஒரு மன்னரின் அரண்மனை அளவுக்கு இருக்கிறது.

கோயிலின் உள்ளே இருக்கும் மரியன்னை சிலை சிறியது. கறுத்த முகம். மேலே தங்க இழை பின்னிய பட்டு ஆடை. பலிபீடத்துக்குப் பின்புறம் மாடியில் ஒரு சிறிய அறை உண்டு. அங்கே போனால், சிலையின் பீடத்தைத் திருப்பி, வந்தவர்களுக்கு முகத்தைக் காட்டுகிறார்கள். நடந்து வந்த யாத்ரீகர்கள் பலர் அந்த இடத்தில் கண் கலங்கி நிற்பார்கள். 1907-ம் ஆண்டு இந்த அன்னை எக்ஸ்த்ரமதுராவின் பாதுகாவலராக அறிவிக்கப்பட்டார். திருவிழா நாளான செப்டம்பர் 8 இன்று மாநில நாளாகவும் கொண்டாடப்படுகிறது.

1389 முதல் 1835 வரை ஹெரோனிமைட் சபைத் துறவிகள் இந்த மடாலயத்தை நடத்தினார்கள். அவர்களிடம் மருத்துவமனை இருந்தது. பள்ளி இருந்தது. புத்தகங்களைக் கையால் எழுதி ஓவியம் தீட்டும் கூடமும், துணியில் பூவேலை செய்யும் கூடமும் இருந்தன. பிரமாண்டமான அந்தக் கையெழுத்துப் பாட்டுப் புத்தகங்களும் பூவேலை ஆடைகளும் இப்போது உள்ளேயே அருங்காட்சியகமாக இருக்கின்றன. ஓவியர் ஃபிரான்சிஸ்கோ தே சுர்பரான் வரைந்த எட்டுப் பெரிய ஓவியங்கள் திருப்பொருள் அறையில், அவை எந்தச் சுவருக்காக வரையப்பட்டனவோ அதே சுவரில் தொங்குகின்றன.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? மன்னர்களும் பக்தர்களும் கொடுத்த காணிக்கை ஒரு பங்கு. இன்னொரு பங்கு, நிலமும் மந்தையும். மெரினோ செம்மறி ஆடுகளின் கம்பளி அன்று ஐரோப்பாவில் நல்ல விலைக்குப் போனது. குவாதலூப்பே துறவிகள் பெரிய மந்தைகளுக்குச் சொந்தக்காரர்களாக இருந்தார்கள்.

1835-ல் அரசாங்கம் துறவிகளை வெளியேற்றியது. மடாலயச் சொத்துகள் பறிபோயின. கட்டடங்கள் பராமரிப்பின்றிச் சிதைந்தன. 1908-ல் ஃபிரான்சிஸ்கன் சபைத் துறவிகள் வந்து மீண்டும் உயிர் கொடுத்தார்கள். 1993-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பர்யச் சின்னமாக அறிவித்தது.

கொலம்பஸ் இங்கே வந்திருக்கிறார். 1493-ல் முதல் கடல் பயணம் முடிந்து திரும்பியதும் நன்றி சொல்ல இங்கே வந்தார். அதே ஆண்டு இரண்டாவது பயணத்தில் கண்ட கரீபியன் தீவு ஒன்றுக்கு இந்த ஊரின் பெயரைத்தான் வைத்தார். 1496-ல், அமெரிக்காவிலிருந்து அழைத்து வரப்பட்ட பூர்வகுடிகள் இருவருக்கு இங்கே ஞானஸ்நானம் நடந்தது. ஊர்ச் சதுக்கத்தில் இருக்கும் நீரூற்றில், அந்தச் சடங்குக்குப் பயன்பட்ட தொட்டியே வைக்கப்பட்டிருப்பதாகச் சொல்கிறார்கள். வேலையாட்களாகக் கொண்டுவரப்பட்ட அந்த இருவரின் சொந்தப் பெயர்கள் என்ன என்பதை எந்தப் பலகையும் சொல்வதில்லை.

ஊரைச் சுற்றியுள்ள வில்லுவெர்க்காஸ் மலைகள், யுனெஸ்கோவின் உலகப் புவிப்பூங்காப் பட்டியலில் இருக்கின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகள் பழைமையான பாறை மடிப்புகளை இங்கே பார்க்கலாம். இந்த மலைகளில் மேயும் ஆட்டுப்பாலில் செய்யும் 'இபோரெஸ்' பாலாடைக்கட்டிக்கும், இங்குள்ள தேனுக்கும் தனித்தனியாகப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பாலாடைக்கட்டியின் மேல்தோலில் மிளகாய்த்தூளையோ ஆலிவ் எண்ணெயையோ தடவி முதிரவைப்பது இந்த ஊர் வழக்கம்.

தெஹேசா: உழவரும் மேய்ப்பரும் வளர்த்த காடு

குவாதலூப்பேயிலிருந்து மலை இறங்கினால், கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஒரே மாதிரியான நிலம். புல்வெளி. அதில் இடைவெளிவிட்டு ஓக் மரங்கள். மரங்களுக்குக் கீழே செம்மறி, மாடு, பன்றி. இதற்கு 'தெஹேசா' என்று பெயர். பாதுகாக்கப்பட்ட நிலம் என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. எக்ஸ்த்ரமதுராவில் 25 லட்சம் ஏக்கருக்கும் மேல் இப்படிப்பட்ட நிலம் இருக்கிறது.

பார்ப்பவர்களுக்கு இது இயற்கையாக அமைந்த காடுபோலத் தெரியும். உண்மையில் இது மனிதர்கள் பல நூறு ஆண்டுகளாகச் செய்த காடு. அடர்ந்த ஓக் காட்டில் புதர்களை நீக்கி, நல்ல மரங்களை மட்டும் விட்டு, கிளைகளைக் கவாத்து செய்து உருவாக்கியது. மண் ஆழமில்லாதது, சத்துக் குறைவானது. உழுது தானியம் மட்டும் விதைத்தால் சில ஆண்டுகளில் மண் போய்விடும். அதனால் மரம், புல், கால்நடை மூன்றையும் ஒன்றாக வைத்தார்கள். கோடையில் மழை சுத்தமாக இருக்காது. அந்த மாதங்களில் மரத்தின் நிழல்தான் கால்நடைகளைக் காப்பாற்றுகிறது. குளிர்காலத்தில் ஓக் கொட்டைகள் தீவனமாகின்றன. கவாத்து செய்த கிளைகள் விறகாகவும் கரியாகவும் மாறுகின்றன.

செம்மறிகளை இரவில் ஒரே இடத்தில் கிடை போட்டு, சில நாள்களுக்கு ஒருமுறை கிடையை நகர்த்துவது இங்கும் பழைய வழக்கம். பல ஆண்டுகள் கிடை விழுந்த இடங்களில் புல் அடர்த்தியாகவும் சத்தாகவும் வளர்கிறது. அந்தப் புல்தரைக்கு 'மஹதால்' என்று தனிப்பெயரே உண்டு.

அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை ஓக் கொட்டைகள் உதிரும். அப்போது கறுப்பு நிற ஐபீரியப் பன்றிகளை மரங்களுக்குக் கீழே விடுகிறார்கள். இந்தப் பருவத்துக்கு 'மொன்தனேரா' என்று பெயர். ஒரு பன்றி தினமும் 6 முதல் 10 கிலோ கொட்டைகள் தின்னும். இதற்குச் சட்டமே இருக்கிறது. இரண்டு ஏக்கருக்கு ஏறக்குறைய ஒரு பன்றிக்கு மேல் விடக் கூடாது. மரங்கள் குறைவாக இருந்தால், பன்றிகளும் இன்னும் குறைய வேண்டும். குறைந்தது 60 நாள்கள் மேய்ந்து, 46 கிலோவாவது எடை கூட வேண்டும். அப்போதுதான் 'ஓக் கொட்டை தின்ற பன்றி' என்ற முத்திரை கிடைக்கும். முழு ஐபீரிய இனமாகவும் இருந்தால் தொடை இறைச்சிக்குக் கறுப்புச் சீட்டு. கலப்பினமாக இருந்தால் சிவப்பு. வயலில் விட்டுத் தீவனமும் கொடுத்து வளர்த்தால் பச்சை. கொட்டிலில் தீவனம் மட்டும் போட்டு வளர்த்தால் வெள்ளை. கறுப்புச் சீட்டுக்கும் வெள்ளைச் சீட்டுக்கும் விலையில் பல மடங்கு வித்தியாசம். மரம் இருந்தால்தான் கறுப்புச் சீட்டு என்பதால், மரத்தைக் காப்பது விவசாயிக்கு வருமானமாகவே திரும்பி வருகிறது.

தக்கை ஓக் என்ற இன்னொரு வகை மரமும் இங்கு உண்டு. பாட்டில் மூடும் தக்கை இதன் பட்டைதான். நட்டு 25 முதல் 30 ஆண்டுகள் ஆன பிறகுதான் முதன்முறை பட்டை உரிப்பார்கள். அதன்பிறகு ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை. உரிக்கப்பட்ட அடிமரம் செங்காவி நிறத்தில் நிற்கும். எந்த ஆண்டு உரித்தது என்பது மறந்துவிடாமல் இருக்க, ஆண்டின் கடைசி எண்ணை மரத்தில் வெள்ளை வண்ணத்தில் எழுதி வைக்கிறார்கள். சாலையோர மரங்களில் '4', '7' என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயணிகள் குழம்புவது உண்டு.

மேய்ப்பர்களின் நெடுஞ்சாலை

தெஹேசாவின் குறுக்கே ஆங்காங்கே ஓர் அகலமான புல்பாதை போகும். சாலையைவிடப் பல மடங்கு அகலம். இது மந்தைகள் நடக்கும் பாதை. குளிர்காலத்தில் எக்ஸ்த்ரமதுராவில் மேயும் செம்மறிகள், கோடையில் வடக்கே இருக்கும் லியோன், சோரியா மலைகளுக்குப் போகும். நாள் ஒன்றுக்கு சுமார் 20 கிலோமீட்டர் வீதம், பல வாரங்கள் நடை. இந்த மேய்ப்பர்களுக்காக 1273-ல் மன்னர் பத்தாம் அல்ஃபோன்சோ 'மெஸ்தா' என்ற சங்கத்துக்கு அங்கீகாரம் கொடுத்தார். பெரிய மந்தைப் பாதைகளின் அகலம் சுமார் 75 மீட்டர் என்று விதி இருந்தது. அந்தச் சங்கம் மிகவும் வலுவாகி, உழவர்களுடன் நிலத்துக்காக ஓயாமல் மோதியது. 1836-ல் கலைக்கப்பட்டது.

ரயிலும் லாரியும் வந்த பிறகு நடை குறைந்தது. பாதைகளைப் பலர் ஆக்கிரமித்தார்கள். 1990-களில் கெசூஸ் கார்சோன் என்ற இயற்கை ஆர்வலர், மேய்ப்பர்களைச் சேர்த்துக்கொண்டு மந்தைகளை மீண்டும் நடக்க வைத்தார். 1994 முதல் ஆயிரக்கணக்கான செம்மறிகள் மாட்ரிட் நகரின் நடுவே நடந்து செல்லும் விழா நடக்கிறது. 1995-ல் மந்தைப் பாதைகளைப் பொதுச்சொத்தாகப் பாதுகாக்கும் சட்டம் வந்தது. நாடு முழுவதும் இந்தப் பாதைகளின் நீளம் சுமார் 1,25,000 கிலோமீட்டர். ஆடுகள் நடந்த பாதையில் அவற்றின் சாணத்தாலும் ரோமத்தாலும் விதைகள் பரவி, புல்லும் பூவும் முளைக்கின்றன. குவாதலூப்பேவுக்கு நடக்கும் யாத்ரீகர்களின் பழைய வழிகள் சில இடங்களில் இந்தப் பாதைகளோடு கலந்து செல்கின்றன.

மொன்ஃப்ராகுவே: தைலமரத்திலிருந்து மீண்ட காடு

வடக்கே தாஹோ, தியேதார் என்று இரண்டு ஆறுகள் சேரும் இடத்தில் மொன்ஃப்ராகுவே தேசியப் பூங்கா இருக்கிறது. பரப்பு சுமார் 45,000 ஏக்கர். சாலையோரத்தில் 'சால்தோ தெல் கிதானோ' என்ற இடத்தில் வண்டியை நிறுத்தினால், ஆற்றின் மறுகரையில் செங்குத்தான பாறை. அதில் நூற்றுக்கணக்கான பாறு கழுகுகள் கூடு கட்டியிருக்கின்றன. காலை வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாகக் கிளம்பி, தலைக்கு மேலே வட்டமடிக்கும். இறக்கை விரிந்தால் எட்டு அடிக்கும் மேல். மரங்களில் கூடு கட்டும் கரும்பாறு இங்கே 300 ஜோடிகளுக்கும் மேல் வாழ்கிறது. உலகிலேயே பெரிய கூட்டங்களில் இதுவும் ஒன்று. கருநாரை, ஸ்பெயினின் பேரரசுக் கழுகு போன்ற அரிய பறவைகளும் உண்டு. மலை உச்சியில் பாழடைந்த கோட்டையும், அதை ஒட்டி மொன்ஃப்ராகுவே அன்னையின் சின்னக் கோயிலும் இருக்கின்றன. பாறுகள் பறப்பதை அங்கிருந்து கீழே பார்க்கலாம்.

இந்தக் காடு கிட்டத்தட்ட அழிந்திருக்க வேண்டியது. 1970-களில் காகித மில்லுக்காக இந்தச் சரிவுகளில் இருந்த ஓக் மரங்களையும் புதர்களையும் புல்டோசர் வைத்து அகற்றி, யூகலிப்டஸ் நட்டார்கள். தைலமரம் நட்டால் நிலத்தடி நீரும் மேய்ச்சலும் என்ன ஆகும் என்பது தமிழ்நாட்டு விவசாயிகளுக்குப் புதிய செய்தி அல்ல. அங்கேயும் எதிர்ப்பு கிளம்பியது. அதை முன்னின்று நடத்தியவரும் அதே கெசூஸ் கார்சோன்தான். 1979-ல் அரசு இதை இயற்கைப் பூங்காவாக அறிவித்தது. பிறகு யூகலிப்டஸை வெட்டி எடுத்து, உள்ளூர் மரங்களை மீட்டார்கள். 2007-ல் தேசியப் பூங்கா ஆனது.

பாறுகளுக்கு உணவு கால்நடை வளர்ப்பவர்களிடமிருந்துதான் வருகிறது. மேய்ச்சலில் செத்துப்போகும் ஆட்டையும் மாட்டையும் அவை தின்று, நிலத்தைச் சுத்தமாக்கிவிடும். மாடுகளுக்கு வந்த 'பைத்தியக்கார மாட்டு நோய்' காரணமாக, செத்த கால்நடைகளை வயலில் விடக் கூடாது, சேகரித்து அழிக்க வேண்டும் என்று 2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் விதி வந்தது. பாறுகள் பட்டினி கிடந்தன. விவசாயிகளுக்கும் லாரி வைத்து ஏற்றி அனுப்பும் செலவு. 2011-ல் விதி தளர்த்தப்பட்டு, குறிப்பிட்ட பகுதிகளில் மேய்ச்சல் கால்நடைகளைப் பறவைகளுக்கு விட அனுமதி கிடைத்தது.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கால்நடைகளுக்குப் போடும் டைக்ளோஃபினாக் வலி மருந்து பாறுகளைக் கொல்கிறது. இந்தியாவில் பாறுகள் கிட்டத்தட்ட ஒழிந்துபோனதற்கு அதுதான் காரணம் என்று கண்டறிந்து, 2006-ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். தமிழ்நாட்டில் மாயாறு பள்ளத்தாக்கில் எஞ்சிய பாறுகளுக்கும் அதே மருந்துதான் எமன். இந்த அனுபவம் தெரிந்திருந்தும் ஸ்பெயின் 2013-ல் அதே மருந்துக்கு அனுமதி கொடுத்தது. அந்த நாட்டின் கட்டலோனியா பகுதியில் 2020-ல் இறந்து கிடந்த கரும்பாறுக் குஞ்சின் சாவுக்கு டைக்ளோஃபினாக்தான் காரணம் என்று பரிசோதனையில் உறுதியானது.

ஹெர்த்தே பள்ளத்தாக்கு: செர்ரி தரும் படிக்கட்டு நிலம்

இன்னும் வடக்கே போனால் ஹெர்த்தே பள்ளத்தாக்கு. மலைச்சரிவு முழுவதும் கல் அடுக்கிய படிக்கட்டு நிலங்கள். அதில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட செர்ரி மரங்கள். மார்ச் கடைசி அல்லது ஏப்ரல் தொடக்கத்தில் சுமார் இரண்டு வாரங்கள் பள்ளத்தாக்கே வெள்ளையாகப் பூத்து நிற்கும். இங்குள்ள 11 ஊர்களும் சேர்ந்து பூத்திருவிழா நடத்துகின்றன.

படிக்கட்டு நிலத்தில் இயந்திரம் ஏறாது. குடும்பம் குடும்பமாகக் கையால்தான் பறிக்கிறார்கள். 'பிகோத்தா' என்ற ரகம் பறிக்கும்போதே காம்பு மரத்தில் நின்றுவிடும். காம்பு இல்லாத செர்ரிதான் அந்த ரகத்தின் அடையாளம். சிறு விவசாயிகள் ஊர்தோறும் கூட்டுறவு சங்கங்கள் அமைத்து, தரம் பிரித்து, புவிசார் குறியீட்டோடு விற்கிறார்கள். பழுக்கும் நேரத்தில் மழை பெய்தால் பழம் வெடித்துவிடும். சில ஆண்டுகளில் ஒரு வார மழையில் பாதி வருமானம் போய்விடுகிறது.

பள்ளத்தாக்கின் பக்கவாட்டில் 'நரகங்களின் தொண்டை' என்ற பெயருடைய மலையோடை இருக்கிறது. தண்ணீர் ஓடி ஓடி, கருங்கல்லில் தொட்டி தொட்டியாகக் குடைந்திருக்கிறது. பெயர்தான் பயமுறுத்தும். கோடையில் பிள்ளைகள் குளிக்கும் இடம் அது.

யூஸ்தே: பேரரசர் ஒதுங்கிய இடம், மிளகாய் புகையும் ஊர்

மலையைத் தாண்டினால் லா வேரா. இங்கே காட்டுக்கு நடுவே யூஸ்தே மடாலயம். ஐரோப்பாவில் பாதியையும் அமெரிக்காவில் பெரும் பகுதியையும் ஆண்ட பேரரசர் ஐந்தாம் சார்லஸ், பதவியைத் துறந்துவிட்டு 1557 பிப்ரவரியில் இங்கே வந்தார். கீல்வாதத்தால் நடக்க முடியாத நிலை. படுக்கையில் இருந்தபடியே கோயில் பலிபீடத்தைப் பார்க்கும்படி அவரது அறை கட்டப்பட்டது. அந்த அறையை இன்றும் காணலாம். 1558 செப்டம்பர் 21 அன்று மலேரியாவில் இறந்தார்.

மடாலயத்திலிருந்து இறங்கி வந்தால், அக்டோபர், நவம்பரில் ஊரெல்லாம் விறகுப் புகையும் மிளகாய் வாசனையும். மிளகாய் அமெரிக்காவிலிருந்து வந்த பயிர். இந்தப் பகுதியில் அதை முதலில் வளர்த்துப் பரப்பியவர்கள் ஹெரோனிமைட் துறவிகள் என்பது உள்ளூர்ப் பேச்சு. அதே அமெரிக்க மிளகாயைத்தான் பக்கத்து நாட்டுப் போர்ச்சுகீசியர் கப்பலில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். தமிழில் அதற்கு மிளகின் பெயரைச் சேர்த்து 'மிளகாய்' என்று பெயர் வந்தது.

மிளகாய் அறுவடை நேரத்தில் லா வேராவில் மழைக்காலம் தொடங்கிவிடும். வெயிலில் காய வைக்க முடியாது. அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழிதான் புகை. இரண்டு அடுக்குள்ள சின்னக் கட்டடம். மேலே இடைவெளிவிட்டு அடித்த பலகைப் பரண். அதில் பழமிளகாயைக் கொட்டிப் பரப்புகிறார்கள். கீழே ஓக் விறகைப் புகைய விடுகிறார்கள். நெருப்பு கொழுந்துவிடக் கூடாது. 10 முதல் 15 நாள்கள் வரை புகைய வேண்டும். தினமும் ஒருமுறை மேலே ஏறிக் கையால் புரட்டிப் போட வேண்டும். பிறகு கல் ஆலையில், சூடேறாமல் மெதுவாக அரைக்கிறார்கள். இனிப்பு, மிதமான காரம், காரம் என்று மூன்று வகை. 'பிமென்தோன் தெ லா வேரா' என்ற புவிசார் குறியீட்டோடு உலகம் முழுவதும் போகிறது. மழை என்ற பிரச்னைக்குத் தேடிய தீர்வே, விலை பெற்றுத் தரும் தனி மணமாக மாறிவிட்டது.

காலியாகும் ஊர்கள், காய்ந்துபோகும் ஓக்

இத்தனை அழகுக்கு நடுவே போகும்போது பூட்டிய வீடுகள் நிறையக் கண்ணில் படும். 1950 முதல் 1970-கள் வரை லட்சக்கணக்கானோர் மாட்ரிட், பார்சலோனா, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து என்று வேலை தேடிப் போனார்கள். மாநிலத்தில் 388 உள்ளாட்சிகள். பெரும்பாலானவற்றில் 2,000 பேருக்கும் குறைவு. அதிலும் முதியவர்களே அதிகம். ஆடு மேய்க்க, மிளகாய் புரட்ட, தக்கை உரிக்க, செர்ரி பறிக்க ஆள் கிடைப்பதில்லை.

ஆள் குறைந்தால் ஆடு குறைகிறது. ஆடு குறைந்தால் புல்லும் புதரும் காய்ந்து தீக்கு விறகாகிறது. 2025 ஆகஸ்டில் காசரெஸ் மாவட்டத்தின் வடக்கே ஹரில்யா பகுதியில் தொடங்கிய காட்டுத்தீ, 37,000 ஏக்கருக்கும் மேல் எரித்தது. கடும் வெப்பமும் காற்றும் காரணம் என்றாலும், மேய்ச்சல் நின்றுபோன மலைகளில் தீ வேகமாகப் பரவுகிறது என்பதை அங்குள்ள விவசாயிகள் நீண்டகாலமாகச் சொல்லி வருகிறார்கள்.

ஓக் மரங்களுக்கும் நோய் வந்திருக்கிறது. 'லா செக்கா' என்கிறார்கள். காய்ந்துபோதல் என்று பொருள். பைட்டோப்தோரா சின்னமோமி என்ற வேரழுகல் கிருமிதான் முக்கியக் காரணம். தண்ணீர் தேங்கும் இடத்தில் பெருகி, நுண்வேர்களை அழித்துவிடும். அடுத்த வறட்சியில் மரம் தாக்குப்பிடிக்காமல் காய்கிறது. நோய் முற்றிய மரத்துக்கு மருந்து இல்லை. நோய் உள்ள மண் டிராக்டர் சக்கரத்திலும் காலணியிலும் ஒட்டிப் பரவாமல் தடுப்பது, தண்ணீர் தேங்காமல் வடிப்பது, சுண்ணாம்பு இடுவது, கடுகுக் குடும்பச் செடிகளை விதைத்து மடக்கி உழுவது என்று தடுப்பு முறைகள்தான் இருக்கின்றன.

வயதான மரங்கள் சாகும்போது இளம் மரங்கள் வருவதில்லை என்பது அதைவிடப் பெரிய கவலை. ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் கால்நடைகள் நின்றால், முளைத்த கன்றுகளைக் கடித்துவிடும். முன்பு மந்தைகள் கோடையில் மலைக்குப் போனபோது நிலத்துக்கு ஓய்வு கிடைத்தது. இப்போது விவசாயிகள் சிலர் நிலத்தைப் பகுதிகளாகப் பிரித்து, சுழற்சி முறையில் மேய்க்கிறார்கள். ஓக் கன்றுகளைச் சுற்றிக் கம்பிக்கூண்டு வைக்கிறார்கள். இன்று நடும் ஓக், பன்றிக்குப் போதுமான கொட்டை தருவதற்குப் பல பத்து ஆண்டுகள் ஆகும். நடுகிறவருக்கு அதில் வருமானம் கிடையாது. அவரது பிள்ளைகள் ஊரில் இருந்தால்தான் அது பயன்படும்.

கறுப்புச் சீட்டு, புகை மிளகாய், காம்பில்லாத செர்ரி, மலை ஆட்டுப் பாலாடைக்கட்டி என்று ஊரின் பெயரோடு விலை கிடைக்கும் இடங்களில், ஓரளவு பிள்ளைகள் தங்குகிறார்கள். யாத்ரீகர்களும் பறவை பார்க்க வருபவர்களும் அந்தப் பொருள்களை அங்கேயே வாங்கும்போது, அந்தப் பணம் மேய்ச்சலுக்கும் மரத்துக்கும் போகிறது.

எப்போது போகலாம்?

மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கம்: ஹெர்த்தேயில் செர்ரிப் பூ. மொன்ஃப்ராகுவேயில் பாறுகள் குஞ்சு வளர்க்கும் காலம். தெஹேசாவில் புல் பச்சையாக இருக்கும்.

ஜூன், ஜூலை: செர்ரி அறுவடை, தக்கை உரிப்பு. வெயில் 40 டிகிரியைத் தாண்டும். காலையிலேயே நடந்து முடித்துவிட வேண்டும். காட்டுப்பகுதியில் தீ மூட்டக் கூடாது.

செப்டம்பர் 8: குவாதலூப்பே திருவிழா. தங்குமிடம் முன்கூட்டியே பதிவு செய்யாவிட்டால் கிடைக்காது.

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை: புகை மிளகாய், ஓக் கொட்டை மேய்ச்சல்.

பேருந்துகள் குறைவு. வாடகை வண்டி எடுத்தால்தான் எல்லா இடங்களையும் பார்க்க முடியும். குவாதலூப்பே மடாலயத்தின் உட்பகுதியை வழிகாட்டியுடன் குழுவாகத்தான் காட்டுவார்கள். தெஹேசா நிலங்கள் பெரும்பாலும் தனியார் நிலங்கள். மந்தைப் பாதைகளில் யாரும் நடக்கலாம். வழியில் வேலிப்படலைத் திறந்தால், கடந்ததும் மறக்காமல் மூடிவிட வேண்டும்.